காசிக்குப் போறோம், எத்தனை நாள் தங்கணும்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல ராமேஸ்வரம் தீர்த்தங்கள் பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல காசி பத்திதான், அதனால இந்தத் தடவை முழுக்க காசிக்கே ஒதுக்கியாச்சு. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலா கொடுத்திருக்கேன்.

கேள்வி (திண்டுக்கல் வாசகி): ஐயா, நானும் வீட்டுக்காரரும் ரிட்டயர் ஆயிட்டோம். ஒரு டிராவல்ஸ்ல காசி, பிரயாகை, கயா, அயோத்தி எல்லாம் சேர்த்து 7 நாள் பேக்கேஜ் சொல்றாங்க. அதுல காசிக்கு ஒன்றரை நாள்தான் வருது. அது போதுமா?

பதில்: போதாதும்மா. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா வந்த கடிதங்கள்ல நிறைய பேர் இதே ஒன்றரை நாள் கணக்கோடதான் கிளம்பறாங்க. அந்த ஒன்றரை நாள்ல என்ன நடக்கும்னா, ராத்திரி போய் இறங்குவீங்க, விடியறதுக்கு முன்னாடி எழுப்பி கியூவுல நிக்க வைப்பாங்க, விஸ்வநாதர், அன்னபூரணி, விசாலாட்சி, காலபைரவர்னு ஓட்டமா ஓடி முடிச்சு மத்தியானம் ஒரு புடவைக்கடையில கொண்டுபோய் உக்கார வைப்பாங்க, சாயந்தரம் போட்ல இருந்தபடி ஆரத்தி, அவ்ளோதான், மறுநாள் காலையில பஸ் ஏறணும். கங்கைக் கரையில ஒரு அரை மணி நேரம் சும்மா உக்காரக்கூட விடமாட்டாங்க.

குறைஞ்சது மூணு ராத்திரி காசியில தங்குங்க. பேக்கேஜ்காரங்ககிட்ட அயோத்தியை எடுத்துட்டு அந்த நாளைக் காசிக்குக் கொடுங்கன்னு கேட்டுப் பாருங்க, முடியாதுன்னு சொன்னா நீங்களே தனியா டிக்கெட் போட்டுப் போறது நல்லது. அயோத்திக்கு இன்னொரு தடவை போய்க்கலாம்.

மூணு நாள்னு சும்மா சொல்லல. பழைய காலத்துல இருந்தே காசியை மூணு கண்டமாப் பிரிச்சுச் சொல்லுவாங்க, தெற்க கேதார கண்டம், நடுவுல விஸ்வேஸ்வர கண்டம், வடக்க ஓங்கார கண்டம். அதே கணக்குல நீங்களும் ஒரு நாளைக்கு ஒரு பக்கம்னு வெச்சுக்கிட்டா அலைச்சலே இருக்காது, ஏன்னா காசியில நேரம் போறதே ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்கு டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு நிக்கிறதுலதான். முதல் நாள் தெற்குப் பக்கம், அசி காட்ல (காட்னா படித்துறை) விடியக்காலை ஆரத்தி பாத்துட்டு அப்படியே படித்துறை வழியா துளசி காட், ஹனுமான் காட், ஹரிச்சந்திர காட், கேதார் காட் வரைக்கும் நடந்துடலாம், மத்தியானத்துக்கு மேல துர்கா கோயிலும் சங்கட மோசன் ஆஞ்சநேயரும். ரெண்டாம் நாள் முழுக்க விஸ்வநாதரும் அதைச் சுத்தி இருக்கறதும். மூணாம் நாள் வடக்க, காலபைரவர், மிருத்யுஞ்ஜயர், பஞ்சகங்கா காட்ல பிந்து மாதவர், ஓங்காரேஸ்வரர், வருணை வந்து கங்கையில கலக்கற இடத்துல ஆதிகேசவப் பெருமாள். இந்த ஆதிகேசவர் கோயிலுக்கு நம்மாளுங்க போறதே அபூர்வம், கூட்டம் இருக்காது, நிதானமா நின்னு சேவிக்கலாம்.

ஒரு விஷயம் கவனிச்சுப் பாருங்க. கிழக்க பாத்து ஓடி வர்ற கங்கை காசிகிட்ட வந்ததும் வடக்க திரும்பிடுது. ஊர் முழுக்க மேற்குக் கரையில, எதிர்க்கரை பெரும்பாலும் வெறும் மணல் திட்டு, கட்டடமே கிடையாது. அதனால சூரியன் தண்ணிக்கு அந்தப் பக்கம் மேல வந்து நேரா படிக்கட்டுல வெளிச்சம் விழும், 84 காட்டுலயும் ஒரே நேரத்துல. குளிக்கிறவங்க, துணி துவைக்கிறவங்க, ஜபம் பண்றவங்க எல்லார் முகத்துலயும் அந்த ஆரஞ்சு வெளிச்சம். அதைப் பாக்காம வந்தா காசி போய் என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): ராமேஸ்வரம் போய் மண் எடுத்துட்டுத்தான் காசி போகணும்னு எங்க அண்ணி சொல்றாங்க. நேரா காசி போனா தப்பா? அந்த மண்ணை காசியில எங்க கரைக்கணும்?

பதில்: தப்புன்னு யாரும் சொல்ல முடியாது, தரிசனம் பண்றதுக்கு எந்த வரிசையும் தடை இல்ல. ஆனா காசி யாத்திரைன்னு சங்கல்பம் பண்ணிக்கிட்டு முறையா செய்யறவங்களுக்கு ஒரு வரிசை இருக்கு, உங்க அண்ணி சொல்றது அதைத்தான்.

ராமேஸ்வரத்துல கடல்ல நீராடி மண் எடுத்து மூணு பங்கா வெச்சு சேது மாதவர், பிந்து மாதவர், வேணி மாதவர்னு பூஜை பண்ணி, அதுல வேணி மாதவருக்கு உண்டான மண்ணை மட்டும் கையோட எடுத்துட்டுப் போவாங்க. அதைக் கரைக்கிற இடம் காசி இல்லைங்க, பிரயாகை திரிவேணி சங்கமம். இதுல நிறைய பேர் குழம்பிடறாங்க. அங்கேயே திரும்பறப்ப தீர்த்தம் எடுத்துக்கணும், காசியில இருந்து கங்கைத் தண்ணி எடுத்துட்டு வர்ற வழக்கம் நம்ம பெரியவங்களுக்குக் கிடையாது. அப்புறம் காசியில தீர்த்த சிராத்தம், கயாவுல பிண்டம், ஊருக்கு வந்து மறுபடியும் ராமேஸ்வரம் போய் அந்தத் திரிவேணித் தீர்த்தத்துல ராமநாதருக்கு அபிஷேகம். இவ்ளோ ஆனாத்தான் யாத்திரை பூர்த்தி. எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிக்கணும்னு இல்ல, ராமேஸ்வரத்துக்குத் திரும்பப் போறது கொஞ்ச நாள் தள்ளிக்கூட வெச்சுக்கறாங்க.

தம்பதியா போறவங்க பிரயாகையில வேணி தானம்னு ஒண்ணு பண்ணுவாங்க. பொண்டாட்டியை உக்கார வெச்சு புருஷன் தலைவாரிப் பின்னி பூ வெச்சு, பின்னல் நுனியில ஒரு துளி வெட்டி சங்கமத்துல விடணும். கல்யாணமாகி 40, 50 வருஷம் ஆன பெரியவர் ஒருத்தர் நடுங்கற கையால சீப்பு பிடிச்சுக்கிட்டு எப்படிப் பின்றதுன்னு தெரியாம முழிக்கறதும், அந்த அம்மா சிரிச்சுக்கிட்டே முடியை மூணாப் பிரிச்சுக் கொடுக்கறதும் அங்க தினமும் நடக்கற காட்சி. தம்பதியா போனா இதை விட்டுடாதீங்க.

காசியில சிராத்தம்னா பஞ்ச தீர்த்தம், அதாவது அசி, தசாஸ்வமேதம், ஆதிகேசவம், பஞ்சகங்கா, மணிகர்ணிகா அஞ்சு இடத்துலயும் போட்ல போய்ப் பண்றது. ஹனுமான் காட், கேதார் காட் பக்கம் தமிழ் தெரிஞ்ச வாத்தியார்கள் இருக்காங்க, ஊர்ல இருந்தே உங்க குடும்ப வாத்தியார் மூலமா பேசி நாளும் தட்சிணையும் முடிவு பண்ணிட்டுப் போங்க. அங்க போய் ஸ்டேஷன்ல வந்து நிக்கறவங்க பின்னாடி போகாதீங்க.

கேள்வி (அம்பத்தூர் வாசகர்): விஸ்வநாதர் கோயில் இப்ப ரொம்ப மாறிடுச்சுன்னு சொல்றாங்களே, லிங்கத்தைத் தொட்டுக் கும்பிடலாமா? போன் கொண்டு போகலாமா?

பதில்: போன், ஸ்மார்ட் வாட்ச், பேனா, பை எதுவும் உள்ள கொண்டு போக முடியாது, ரூம்லயே வெச்சுட்டுப் போறது உத்தமம். வெளிய லாக்கர் இருக்கு, ஆனா பூஜை சாமான் கடைக்காரங்க லாக்கர் ஃப்ரீன்னு கூப்பிட்டு கடைசியில தேங்காய் பால் பூவுன்னு பெரிய தட்டு ஒண்ணை தலையில கட்டிடுவாங்க, கோயிலோட லாக்கர் எங்கன்னு கேட்டு அங்க வைங்க. ஆதார் கையில இருக்கட்டும்.

தொட்டுக் கும்பிடற ஸ்பரிச தரிசனம் எல்லா நேரமும் கிடையாது, கூட்டத்தைப் பொறுத்து நேரம் மாறும், திருவிழா நாள்ல நிறுத்திடுவாங்க. மத்த நேரம் வாசல்ல நின்னுதான் பாக்கணும். சன்னதி சின்னது, லிங்கமும் சின்னது, நடுவுல இருக்காது, ஒரு மூலையில வெள்ளித் தகடு போட்ட சதுரத் தொட்டிக்குள்ள தரை மட்டத்துக்குக் கீழ இருப்பார். இது தெரியாம மேல நிமிந்து தேடிக்கிட்டே போய் தள்ளுமுள்ளுல சாமியைப் பாக்காம வெளிய வந்தவங்க நிறைய பேர். உள்ள நுழையும்போதே கண்ணைக் கீழ வைங்க.

விடியக்காலை மங்கள ஆரத்தி 3 மணியில இருந்து 4 வரைக்கும், அதுக்கு டிக்கெட் கோயிலோட சொந்த வெப்சைட்ல முன்கூட்டியே எடுக்கணும். சாயந்தரம் 7 மணிக்கு சப்தரிஷி ஆரத்தி, ஏழு பேர் சுத்தி நின்னு பண்ணுவாங்க. ஒண்ணுதான் முடியும்னா நான் சப்தரிஷியைத்தான் சொல்லுவேன், தூக்கக் கலக்கம் இல்லாம முழுசா மனசு நிக்கும்.

மாறிடுச்சான்னா, ஆமா, முன்ன ரெண்டு பேர் எதிரெதிர வந்தா உரசிக்கிட்டுப் போற சந்து வழியா போவோம், இப்ப 2021 டிசம்பர் 13-ல தொறந்த பெரிய வளாகம், லலிதா காட்ல குளிச்சுட்டு படியேறி நேரா கோயிலுக்கு வந்துடலாம். வயசானவங்களுக்கு இது பெரிய உபகாரம். அதுக்காக இடிச்ச பழைய வீடுகளையும் சந்துகளையும் நினைச்சா எனக்கு வருத்தமும் உண்டு, ஆனா அந்த வீடுகளுக்குள்ள மறைஞ்சு கிடந்த சின்னச் சின்னப் பழைய கோயில்கள் வெளிய வந்திருக்கு, அதையும் சுத்திப் பாருங்க. வளாகத்துக்குள்ள அகல்யாபாய் ஹோல்கர் சிலை இருக்கு, அங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. 1669-ல அவுரங்கசீப் காலத்துல பழைய கோயில் இடிபட்டு, நூறு வருஷத்துக்கு மேல காசி விஸ்வநாதருக்குன்னு பெரிய கோயில் இல்லாம இருந்துச்சு. இந்தூர் ராணியான அந்த அம்மாதான் 1780-ல இப்ப நாம கும்பிடற கோயிலைக் கட்டினாங்க, விமானத்துல மின்னற தங்கம் பின்னாடி பஞ்சாப் மகாராஜா ரஞ்சித் சிங் கொடுத்தது. கயா விஷ்ணுபாதம் கோயிலும் அகல்யாபாய் கட்டினதுதான். நாம செய்ற யாத்திரையில பாதி அவங்க போட்டுக் கொடுத்த வழி.

கேள்வி (பல இடங்கள்ல இருந்து): தங்க அன்னபூரணியை எப்ப பாக்கலாம்?

பதில்: தீபாவளியை ஒட்டி மட்டும். வடக்க தன்தேரஸ்னு சொல்ற நாள்ல தொறந்து தீபாவளி முடிஞ்சு அன்னக்கூடம்ங்கற பண்டிகை வரைக்கும், நாலஞ்சு நாள்தான். கூட்டம் பயங்கரமா இருக்கும், ரூம் சில மாசம் முன்னாடியே போட்டாகணும். மத்த நாள்ல போறவங்க வருத்தப்பட வேண்டாம், விஸ்வநாதர் வளாகத்துலயே இன்னொரு அன்னபூரணி இருக்காங்க, நூறு வருஷம் முன்ன காசியில இருந்து திருடுபோய் கனடாவுல ஒரு யூனிவர்சிட்டி மியூசியத்துல இருந்து, 2021 நவம்பர்ல திரும்பி வந்து பிரதிஷ்டை ஆனவங்க. சின்னக் கல் சிலை, ஒரு கையில பாயசக் கிண்ணம், இன்னொரு கையில கரண்டி. தேடிப் போய்ப் பாருங்க.

கேள்வி (மன்னார்குடி வாசகி, தமிழாசிரியை): காசியில நம்ம தமிழ்நாட்டுக்காரங்க சம்பந்தப்பட்ட இடங்கள் என்னென்ன பாக்கலாம்? வழிகாட்டிகள் யாரும் இதைச் சொல்றதில்ல.

பதில்: நல்ல கேள்வி டீச்சர், இதைக் கேக்க மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

முதல்ல சம்போ. கோதௌலியா பக்கத்துல நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கு, 1863-ல ஆரம்பிச்சது. விஸ்வநாதருக்கு தினமும் நடக்கற பூஜைக்குப் பால், சந்தனம், விபூதி, வில்வம், பூ எல்லாம் நகரத்தார் தர்மமா 200 வருஷத்துக்கும் மேல போய்க்கிட்டு இருக்கு. சத்திரத்துல இருந்து அதைத் தூக்கிக்கிட்டு "சம்போ, சம்போ, மகாதேவா"ன்னு குரல் கொடுத்துக்கிட்டு வேகமா நடந்து வருவாங்க. அந்தக் கூட்டத்துல, ஆட்டோ ஹாரன், மாடு, சைக்கிள் ரிக்‌ஷா, புடவைக்கடைக்காரர் சத்தம் எல்லாத்துக்கும் நடுவுல சம்போன்னு கேட்ட உடனே ஜனங்க தானா ஒதுங்கி வழி விடுவாங்க. செட்டிநாட்டுக் காரங்க ஏற்பாட்டுல போற பால் அது. சத்திரத்துல எப்ப புறப்படுதுன்னு கேட்டுக்கிட்டு முன்னாடியே போய் நில்லுங்க, பின்னாடியே கொஞ்ச தூரம் நடங்க. மீர் காட் பக்கத்துல இருக்கற விசாலாட்சி கோயிலும் நகரத்தார் பராமரிப்புதான், வாசல்ல சின்னக் கோபுரம் நம்மூர் மாதிரியே இருக்கும். உள்ள அம்மனுக்குப் பின்னாடி இன்னொரு சின்ன பழைய மூர்த்தி உண்டு, அவங்கதான் ஆதி விசாலாட்சி, அர்ச்சகர்கிட்ட கேட்டா தீபம் காட்டுவார்.

ரெண்டாவது கேதார் காட். படிக்கட்டு முழுக்க சிவப்பும் வெள்ளையும் பட்டை அடிச்சிருக்கும், போட்ல இருந்து பாத்தாலே தெரிஞ்சுடும், நம்ம கோயில் மதில் சுவர் ஞாபகம் வந்துடும். 17-ம் நூற்றாண்டுல ஸ்ரீவைகுண்டத்துல பொறந்த குமரகுருபரர் இங்க வந்து கலைமகளைப் பாடி இந்த ஊர் பாஷையை அடைஞ்சு, சிங்கத்து மேல ஏறி பாதுஷா சபைக்குப் போய் மடத்துக்கு இடம் வாங்கினார்னு சொல்லுவாங்க. அந்தக் குமாரசாமி மடம் இன்னிக்கும் இருக்கு, நம்ம திருப்பனந்தாள் காசி மடத்தோட சேர்ந்தது. கேதாரேஸ்வரர் கோயில் நிர்வாகமும் மடம்தான். கோயிலுக்குள்ள போனா விபூதி வாசனையும் மணி சத்தமும் தஞ்சாவூர்ப் பக்கத்துல எங்கயோ நிக்கற மாதிரி இருக்கும். இந்த லிங்கம் ரெண்டாப் பிளந்த மேடு மாதிரி கரடுமுரடா இருக்கும், இதுக்கு ஒரு கதை உண்டு. வயசான காலத்துல இமயமலை கேதாரத்துக்குப் போக முடியாத மாந்தாதா மகாராஜா, தினமும் பொங்கின கிச்சடியை ரெண்டாப் பிரிச்சு அதிதிக்கு ஒரு பாதி கொடுத்துட்டுத்தான் சாப்பிடுவாராம், ஒருநாள் அந்தக் கிச்சடியே லிங்கமா ஆயிடுச்சாம். கேதார்நாத் போக உடம்பு இடம் கொடுக்காதவங்களுக்கு இந்த சன்னதி பெரிய ஆறுதல், கண் கலங்கி நிக்கறவங்களை அங்க தினமும் பாக்கலாம்.

மூணாவது ஹனுமான் காட். 1898-ல அப்பா சின்னசாமி ஐயர் தவறின பிறகு பாரதியை அவரோட அத்தை குப்பம்மாள் காசிக்குக் கூட்டிட்டு வந்தாங்க, தங்கினது ஹனுமான் காட்ல அத்தை வீடான சிவ மடம். அங்க சில வருஷம் இருந்தார், ஹிந்தியும் சம்ஸ்கிருதமும் படிச்சார், அலகாபாத் யூனிவர்சிட்டி எண்ட்ரன்ஸ் பாஸ் பண்ணினார், நாம படத்துல பாக்கற மீசையும் முண்டாசும் காசியில வந்த பழக்கம்தான். வீட்டுல ஒரு பகுதியை தமிழ்நாடு அரசு நினைவிடமா ஆக்கி 2022 டிசம்பர்ல தொறந்தாங்க. பாத்துட்டு கீழ இறங்கினா ரெண்டு நிமிஷத்துல கங்கை. பதினாறு பதினேழு வயசுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து இந்தப் படியிலதான் உக்காந்திருப்பான்னு நினைச்சுக்கிட்டு நீங்களும் உக்காருங்க, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா ஒரு பாட்டாவது பாடச் சொல்லுங்க. முத்துசாமி தீட்சிதரும் இளம் வயசுல குரு சிதம்பரநாத யோகியோட காசியிலதான் சில வருஷம் இருந்தார், கங்கையில மூழ்கி எழுந்தப்ப கையில வீணை வந்துச்சுன்னு சங்கீதக்காரங்க சொல்றதும் இங்கதான்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): அம்மாவுக்கு 76 வயசு, மூட்டு வலி, படி ஏற முடியாது. ஆனா காசி போகணும்னு ஒரே பிடிவாதம். கூட்டிட்டுப் போகலாமா தம்பி?

பதில்: கூட்டிட்டுப் போங்க அண்ணே, தள்ளிப் போடாதீங்க. விஸ்வநாதர் கோயில்ல வீல்சேர் கேட்டு வாங்கலாம். கங்கை ஸ்நானத்துக்கு தசாஸ்வமேதம் வேண்டாம், அசி காட் போங்க, வண்டி கிட்டத்துல வரும், படியும் கம்மி. வடக்குப் பக்கம் ராஜ்காட் பாலத்தை ஒட்டி நமோ காட்னு புதுசா கட்டியிருக்காங்க, அங்க சாய்தளமே இருக்கு. முழுக முடியலைன்னா ஒரு சொம்புல எடுத்து தலையில தெளிச்சு விடுங்க, அதுவும் ஸ்நானம்தான். கேதாரேஸ்வரருக்கு ஆத்துப்பக்கம் ஏறாதீங்க, சோனார்புரா ரோட்டுல இருந்து சந்து வழியா கோயில் வாசலுக்கே போயிடலாம். தங்கறது கீழ்த்தளம்தானான்னு போன்ல கேட்டுட்டுப் பணம் கட்டுங்க, காட் ஓரத்துப் பழைய வீடுகள்ல லிஃப்ட் இருக்காது, மாடி ஏற்றமும் செங்குத்தா இருக்கும். சாயந்தர ஆரத்திக்கு மட்டும் போட் எடுங்க, ஆனா ஏர்றதுக்கு அசி காட்டையே வெச்சுக்கங்க.

கேள்வி (சேலம் வாசகி): மணிகர்ணிகா காட் பக்கம் பொம்பளைங்க, குழந்தைங்க போகலாமா? பயமா இருக்குமா?

பதில்: போகலாம்மா, தடை இல்ல. ஆனா அது சுத்திப் பாக்கற இடம் இல்ல, அங்க எரியறது யாரோ ஒருத்தரோட அப்பா, யாரோ ஒருத்தரோட அம்மா. போட்ல போறப்ப தூரத்துல இருந்து பாத்து கை கூப்பினா போதும். போட்டோ வீடியோ வேண்டவே வேண்டாம், அங்க அனுமதியும் கிடையாது. குழந்தை கேட்டா மறைக்காதீங்க, காசியில உயிர் போறவங்க காதுல சிவபெருமானே தாரக மந்திரம் சொல்றார்னு நம்பறோம், அதனாலதான் கடைசிக் காலத்துல இங்க வந்து தங்கறாங்கன்னு சொல்லுங்க. பகலும் ராத்திரியும் அந்த நெருப்பு அணையறதில்ல.

ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை. நடந்து போனா யாராவது வந்து மேல மாடியில நின்னு பாக்கலாம் வாங்கன்னு கூட்டிட்டுப் போய், ஏழைங்களுக்கு விறகு வாங்கிக் கொடுங்க, ஒரு கிலோ இவ்ளோன்னு ஆயிரக்கணக்குல கேப்பாங்க, கொடுக்கலைன்னா சாபம் விடற மாதிரி பேசுவாங்க. பயப்படாம நகர்ந்து வந்துடுங்க, அது தர்மத்துல சேராது.

கேள்வி (திருப்பூர் வாசகர்): என் பையன் இன்ஜினியரிங் படிக்கறான், கோயில்னா வரமாட்டேன்றான், சரித்திரம்னா உயிர். அவனுக்குக் காசியில என்ன இருக்கு?

பதில்: அவனுக்குத்தான் மூணு நாள் பத்தாது. தசாஸ்வமேதத்தை ஒட்டி மான் மந்திர் காட் இருக்கு, ராஜா மான்சிங் கட்டின மாளிகை, மொட்டை மாடியில ஜெய்ப்பூர் சவாய் ஜெய்சிங் 18-ம் நூற்றாண்டுல வெச்ச வானியல் கருவிகள், கல்லாலயும் சுண்ணாம்பாலயும் கட்டினது. இன்ஜினியரிங் பையன் அங்க இருந்து எறங்கமாட்டான். அப்புறம் பாரத மாதா கோயில், 1936-ல காந்தி தொறந்து வெச்சது, உள்ள சாமி சிலை கிடையாது, பளிங்குல செதுக்கின பிரிவினைக்கு முந்தின இந்தியாவோட வரைபடம், மலையெல்லாம் மேடா பள்ளமா கையால செஞ்சிருக்காங்க. அதுல நம்ம ஊர் எங்கன்னு தேடச் சொல்லுங்க.

சாரநாத்துக்கு அரை நாள் தனியா ஒதுக்குங்க, 10 கிலோமீட்டர்தான். புத்தர் முதல் உபதேசம் பண்ணின இடம், தாமேக் ஸ்தூபி 40 மீட்டருக்கு மேல உயரம், கீழ்ப்பக்கம் சுத்தி வர்ற கல் வேலைப்பாட்டைக் கிட்டப் போய்ப் பாக்கணும். ரூபாய் நோட்டுலயும் பாஸ்போர்ட்டுலயும் இருக்கற நாலு சிங்கம் ஒரிஜினலா அங்க மியூசியத்துலதான் இருக்கு, கண்ணாடி மாதிரி பாலிஷ், ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆகியும் பளபளன்னு. வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு, அன்னிக்குப் போய் ஏமாறாதீங்க. நம்ம டூர் பஸ்காரங்க சாரநாத்துல முக்கால் மணி நேரம் நிறுத்தி அதுல பாதியைப் புடவைக் கடைக்குக் கொடுத்துடறாங்க, அதான் எனக்கு ஆத்தாமை. நேரம் இருந்தா கந்தவாவுல கர்தமேஸ்வரர் கோயிலையும் காட்டுங்க, காசியில இடிபடாம நிக்கற ரொம்பப் பழைய கோயில் அது, வெளிச்சுவர் முழுக்க சிற்பம். அது பஞ்சகுரோசி யாத்திரையோட முதல் தங்குமிடம், 80 கிலோமீட்டர் சுத்துல அஞ்சு இடம் தங்கிப் போற பாதை, அதுல ஒரு ஊரோட பேரே ராமேஸ்வரம்னு சொன்னா உங்க பையன் நம்பமாட்டான்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): எந்த மாசம் போகலாம்? எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்?

பதில்: அக்டோபர் கடைசி, நவம்பர், இல்லைன்னா பிப்ரவரி, மார்ச். மே, ஜூன் வெயில் நம்மால தாங்க முடியாது. ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் கங்கை ஏறி படித்துறை முழுகிடும், போட் நிறுத்திடுவாங்க, ஆரத்தியே மொட்டை மாடிக்கு மாறிடும், அதுவும் சிராவண மாசத் திங்கக்கிழமைன்னா கோயில் கியூ எங்க முடியுதுன்னே தெரியாது. டிசம்பர், ஜனவரியில பனிமூட்டத்தால ட்ரெயின் பல மணி நேரம் லேட். தீபாவளிக்கு 15 நாள் கழிச்சு வர்ற பௌர்ணமியில தேவ தீபாவளி, எல்லா காட்டுலயும் அகல் விளக்கு ஏத்துவாங்க.

உங்களுக்குக் கன்னியாகுமரியில இருந்தே பனாரஸ் வரைக்கும் காசி தமிழ் சங்கமம் எக்ஸ்பிரஸ் 2023 டிசம்பர்ல இருந்து வாரம் ஒரு தடவை ஓடுது. பனாரஸ் ஸ்டேஷன்னா பழைய மண்டுவாடி, வாராணசி ஜங்ஷன் வேற, ரெண்டுமே ஊருக்குள்ளதான். டிக்கெட்ல தீன் தயாள் உபாத்யாயான்னு போட்டிருந்தா அது பழைய முகல்சராய், கங்கைக்கு அந்தப் பக்கம், அங்க இருந்து ஆட்டோல ஒரு மணி நேரம் ஆகும்.

கேள்வி (விழுப்புரம் வாசகி): காசிக்குப் போனா பிடிச்சதை விடணும்னு சொல்றாங்களே, என்ன விடறது? எங்க மாமியார் கொத்தவரங்காய் விட்டாங்க.

பதில்: அந்த வழக்கம் காசியில இல்லைம்மா, கயாவுல அட்சய வடம்னு ஒரு ஆலமரம் இருக்கு, பிண்டம் போட்டு முடிச்சதும் அதுகிட்டதான் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலைன்னு விடச் சொல்லுவாங்க. உங்க மாமியாருக்குக் கொத்தவரங்காய் ரொம்பப் பிடிக்கும்னா அது பெரிய விஷயம். பிடிக்காததை விடறதுல அர்த்தம் இல்லைன்னு வாத்தியார்களே சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பாட்டி மாம்பழத்தை விட்டாங்க, சித்திரை வைகாசியில பேரப்பிள்ளைங்க தட்டுல நறுக்கி வெச்சு பக்கத்துலயே உக்காந்து ஊட்டுவாங்க, ஒரு துண்டு வாயில போடமாட்டாங்க, கேட்டா தாத்தாவுக்குக் கொடுத்ததுன்னு சொல்லுவாங்க. நீங்க போறதுக்கு முன்னாடியே வீட்டுல பேசி முடிவு பண்ணிக்கங்க, அங்க அவசரத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டு அப்புறம் சங்கடப்படாதீங்க. டயபடீஸ் மாதிரி உடம்புக்காக டாக்டர் சாப்பிடச் சொன்ன காய் எதையும் விட வேண்டாம்.